சுகர் மாத்திரையும் இன்சுலினும்: என் மேஜைக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதிய மருந்து நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை உட்கார வைத்து எதை எப்போது எப்படிப் போட வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியெல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். அதில் பாதி, எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அப்புறம் இன்னொண்ணு பாப்பா..." என்று ஆரம்பிக்கிற கேள்விகள். பெரும்பாலும் அதுதான் முக்கியமான கேள்வியாக இருக்கும்.

அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எல்லாம் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோயை மனதில் வைத்து எழுதியவை. இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு தடவை மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசு பூரா சாப்பிடணுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். மாத்திரைக்கு உடம்பு அடிமையாகிவிடும் என்பது காரணம் இல்லை. நோய் கூடவே இருக்கிறது, அவ்வளவுதான். நோய் வந்த புதிதில் உடல் எடையை நன்றாகக் குறைத்து, மருந்தே இல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் டாக்டர் சொல்லிப் படிப்படியாக நிறுத்தியவர்கள். நிறுத்திய பிறகும் பரிசோதனையை விடாதவர்கள்.

நான் அதிகம் பார்ப்பது வேறு ரகம். "நார்மல்னு ரிசல்ட் வந்துச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். நார்மல் என்று வந்ததே மாத்திரை போட்டதால்தான்.

2. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? டாக்டர் ஒண்ணு சொன்னார், மெடிக்கல்ல ஒண்ணு சொல்றாங்க.

எல்லா சுகர் மாத்திரைக்கும் ஒரே விதி கிடையாது. குழப்பமே அதனால்தான். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு எல்லாம் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இவற்றைப் போட்டால் பின்னாலேயே சாப்பாடு வந்தாக வேண்டும். இட்லி தட்டுக்கு வந்த பிறகு மாத்திரையைக் கையில் எடுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்று, அங்கேயே மயங்கி விழுந்தவரை எமர்ஜென்சியில் பார்த்திருக்கிறேன்.

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டையும் முதல் கவளத்தோடு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு போட்டால் பலன் குறைவு. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவற்றுக்கும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டுக்கும் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் செமாகுளூடைடு மாத்திரைக்கு மட்டும் ஆசாரம் அதிகம். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் (120 மி.லி.க்கு மேல் வேண்டாம்) விழுங்கி, அடுத்த அரை மணி நேரத்துக்கு காபிகூடத் தொடக்கூடாது. காபியோடு சேர்த்துப் போட்டால், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்து உடம்பில் ஏறவே ஏறாது.

3. மெட்ஃபார்மின் போட்டா வயித்தைக் கலக்குது. நிறுத்திடலாமா?

அவசரப்படாதீர்கள். முதல் சில வாரங்களில் பலருக்கும் இது வரும், பிறகு அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றவோ, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகைக்கு மாற்றவோ டாக்டரிடம் கேளுங்கள்.

4. சொல்லவே கூச்சமா இருக்கு. மாத்திரை முழுசா அப்படியே மலத்துல வருது.

கூச்சமே வேண்டாம், மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட சில மாத்திரைகளில் மருந்து மெல்லக் கசிந்து வெளியேறிவிடும், வெறும் கூடு மட்டும் வெளியே வரும். உளுந்தை எடுத்துக்கொண்டு தோலைத் தள்ளுவது போலத்தான். மருந்து வேலை செய்துவிட்டது. இந்த வகை மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கவோ மெல்லவோ கூடாது. மூக்கில் டியூப் போட்டிருப்பவர்களுக்கு வீட்டில் அப்படிக் கொடுக்கிறார்கள். நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

5. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துடும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

கெடுக்காது. கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆனால் இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. மெட்ஃபார்மினுக்கு ஃபென்ஃபார்மின் என்று ஓர் உறவுக்காரன் இருந்தான். ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாகிறது என்று 1977-இல் அமெரிக்கா அதை விலக்கியது. இந்தியாவில் 2003-இல் தடை வந்தது. அண்ணன் செய்த தப்புக்குத் தம்பி இன்னும் பழி சுமக்கிறான்.

நிஜமான விஷயம் இது: மெட்ஃபார்மின் வெளியேறும் வழி சிறுநீரகம்தான். வேறு காரணத்தால் சிறுநீரகம் பழுதானால் மருந்து உள்ளேயே தேங்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினினை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கணக்கிடுகிறோம். 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். "கிட்னி வீக்காயிடுச்சு, மெட்ஃபார்மினை நிறுத்திட்டாங்க" என்பதைக் காலப்போக்கில் "மெட்ஃபார்மினால கிட்னி வீக்காயிடுச்சு" என்று ஊர் மாற்றிக்கொண்டது.

பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பது உண்மை. கால் மரத்துப்போவதைச் சுகர் நரம்பு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

6. காலைல போட மறந்துட்டேன். ராத்திரிக்கு ரெண்டாப் போட்டுக்கலாமா?

கூடாது. மெட்ஃபார்மின் என்றால் அடுத்த சாப்பாட்டோடு வழக்கமான அளவு மட்டும். கிளிமிபிரைடு வகை என்றால், விட்ட மாத்திரையைப் படுக்கப்போகும்போது நினைவு வந்து போடவே கூடாது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. இன்சுலின் விட்டுப்போனால் எந்த இன்சுலின் என்பதைப் பொறுத்தது, போன் செய்து கேளுங்கள்.

7. திடீர்னு வேர்க்குது, கை நடுங்குது, படபடன்னு வருது. லோ சுகரா, கேஸ் டிரபிளா?

மீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் லோ சுகர். மீட்டர் இல்லாவிட்டால் லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் டிரபிளாக இருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டுவிட்டதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ரெண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். சாக்லேட், பால்கோவா எல்லாம் இந்த நேரத்துக்கு ஆகாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றால் சர்க்கரை இறங்கினால், குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டார் "சரியாயிட்டார், கூட்டிட்டுப் போறோம்" என்று அடம் பிடிப்பார்கள். மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்வது பில்லை ஏற்றுவதற்காக இல்லை.

இதயத்துக்கோ பிரஷருக்கோ மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. வேர்ப்பது மட்டும் மிஞ்சும். காரணமில்லாமல் வேர்த்தாலே பாருங்கள்.

8. போன மாசம் வெள்ளை மாத்திரை, இந்த மாசம் பச்சை. மாத்திக் குடுத்துட்டாங்களா?

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். மூன்று அட்டை. "மூணும் வேற வேறம்மா, ஒண்ணு நீளம், ஒண்ணு உருண்டை, ஒண்ணு ரெண்டு கலர்" என்று மேஜையில் வரிசையாக வைத்தார். அட்டைகளைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். மூன்றிலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும்தான். ஒன்று டவுன் டாக்டர் எழுதியது. ஒன்று, அது ஸ்டாக் இல்லை என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தது. இன்னொன்று மகன் வாங்கி அனுப்பிய ஜெனரிக். மூன்றையும் மூன்று வாரமாகப் போட்டிருக்கிறார். விடியற்காலையில் சட்டை நனைய வேர்த்து எழுந்திருக்கிறார். வெயில் காலம் என்று நினைத்தாராம்.

அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படிக்கப் பழகுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை விட்டு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வால் எழுத்துகளும் முக்கியம். 'எம்' என்றால் மெட்ஃபார்மின் சேர்ந்தது. எம்1, எம்2 என்பதில் அந்த எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம். எம்1 தீர்ந்துவிட்டதென்று எம்2 வாங்கினால் அது இரண்டு மடங்கு. 'வி' என்றால் வோக்ளிபோஸ் சேர்ந்திருக்கலாம், 'பி' என்றால் பயோகிளிட்டசோன். 'ஃபோர்ட்' என்றால் பல கம்பெனிகளில் மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1000. இதெல்லாம் சட்டமில்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும். அதனால் வாலை நம்பி வாங்காமல் பொடி எழுத்தைப் பாருங்கள்.

கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள்.

9. மக்கள் மருந்தகத்துல பத்துல ஒரு பங்கு விலைக்குக் குடுக்கறாங்களே, அதுல மருந்து இருக்குமா?

இருக்கும். விலைக்குக் காரணம் மருந்து இல்லை, பெயரும் விளம்பரமும் பேட்டன்டும். டாபாகிளிஃப்ளோசினுக்கு இங்கே 2020-இல் முதல் பேட்டன்ட் முடிந்தது, சிட்டாகிளிப்டினுக்கு 2022-இல்; அதற்குப் பிறகு பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலை இறங்கியதைக் கடைக்கு வருகிற எல்லோரும் பார்த்தார்கள். அதே மருந்துதான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. மாறுவதில் தவறில்லை. மாறினால் முழுசாக மாறுங்கள். பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதென்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் 8-ஆம் கேள்வியில் வந்த பெரியவர் கதைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த இந்தத் திட்டத்தால், மாத்திரைக்காக வேலை நாளை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த மாத்திரை வருவதைத் தனியார் டாக்டரிடம் சொல்லாமலும், தனியாரிடம் காட்டுவதை வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லாமலும் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மருந்து வரும்.

10. இன்சுலின் போட்டுட்டா கடைசிக் கட்டம்னுதானே அர்த்தம்?

இல்லை. சில பேருக்கு நோய் கண்டுபிடித்த அன்றே இன்சுலின் தேவைப்படும், சில வாரத்தில் நிறுத்திவிட்டு மாத்திரைக்கு வந்துவிடுவார்கள். ஆபரேஷன், பெரிய காய்ச்சல், கர்ப்பம் என்று தற்காலிகமாகவும் கொடுப்பது உண்டு. பக்கத்து வீட்டுத் தாத்தா இன்சுலின் ஆரம்பித்த ஆறு மாதத்தில் போய்விட்டார் என்பார்கள். பத்து வருடம் தள்ளிப்போட்டு ஆரம்பித்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

11. எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. இன்சுலினை எங்க வைக்கிறது?

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பிரித்துப் பயன்படுத்துவது 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், பொதுவாக 28 நாள் வரை தாங்கும். பெட்டியில் எழுதியிருப்பதையும் பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் அறைக்குள்ளேயே 35 டிகிரி. மண்பானை வையுங்கள். பெரிய பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, வாயில் ஈரத்துணி. இன்சுலின் குப்பியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உள்ளே வையுங்கள். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெளியே இருக்கும் சூட்டைவிட எவ்வளவோ தேவலை. மாதத்துக்கு ஒன்று ஒன்றாக வாங்குங்கள்.

ஃபிரிட்ஜ் இருப்பவர்கள் செய்யும் தப்பு, ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல வைப்பது. ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீணாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள். பிரித்த தேதியைப் பேனாவால் அட்டைப்பெட்டியில் எழுதாதீர்கள், பெட்டியை இரண்டு நாளில் எறிந்துவிடுவீர்கள். குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

12. சிரிஞ்சுல சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடின்னு ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும், சில குப்பிகளும் மி.லி.க்கு 100 யூனிட். யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

20 யூனிட் போட வேண்டியவர் என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவே இல்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மறுபக்கம் இன்னும் மோசம். பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். அது ஆளையே சாய்த்துவிடும். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே இழுக்காதீர்கள். கடையில் "இன்சுலின் சிரிஞ்சு குடுங்க" என்று கேட்காமல் குப்பியைக் காட்டி வாங்குங்கள்.

13. தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரே இடத்துல போட்டா வலிக்கறதே இல்ல. அங்கயே போடலாமா?

வலிக்காததற்குக் காரணம் அங்கே கொழுப்புக் கட்டி திரண்டிருப்பதுதான். விரலால் தடவிப் பாருங்கள், ரப்பர் மாதிரி மேடாக இருக்கும். அதில் போட்டால் இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. இடத்தை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளி. ஆனால் எச்சரிக்கை: கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு மருந்து முழுசாக வேலை செய்து லோ சுகரில் விட்டுவிடலாம். மாறும் வாரத்தில் மீட்டரில் அடிக்கடி பாருங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

14. இன்சுலின் கலங்கலா இருக்கு, கெட்டுப்போச்சா?

30/70 போன்ற கலவை இன்சுலின் கலங்கலாகத்தான் இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள், டானிக் பாட்டில் மாதிரி குலுக்க வேண்டாம். உருட்டியும் கட்டி கட்டியாக மிதந்தாலோ, கண்ணாடியில் பனி படிந்த மாதிரி ஒட்டியிருந்தாலோ போடாதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய ரெகுலர், கிளார்ஜின் வகைகள் கலங்கியிருந்தால் அதுவும் ஆகாது.

15. போட்ட ஊசியை எங்க போடறது?

கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், மூடி போட்டு. நிரம்பியதும் மருத்துவமனையில் கொடுங்கள். குப்பைக் கவரில் அப்படியே போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையைத்தான்.

16. எனக்குச் சுகரே கிடையாது. ஹார்ட் டாக்டர் சுகர் மாத்திரை எழுதிட்டார். தப்பா எழுதிட்டாரா?

டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்றால் தப்பில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதற்காக வந்த மருந்துகள் இவை. இதயம் பலவீனமானவர்களுக்கும் நல்லது செய்கின்றன, அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட என்பதை 2019-இல் வெளிவந்த டாபா-ஹெச்.எஃப். ஆய்வு காட்டியது. சிறுநீரகத்துக்கும் இப்போது கொடுக்கிறார்கள்.

இதைச் சாப்பிடும்போது சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நாலு ப்ளஸ் என்றுதான் வரும். அதைப் பார்த்து லேப்பில் இருப்பவர் பயமுறுத்துவார், பயப்படாதீர்கள். பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப் படிவு வரலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பெண்கள் இதைக் கடைசி வரை சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் ஒரு க்ரீமில் சரியாகிற விஷயம்.

17. நீங்க சொன்ன மாதிரிதான் சர்க்கரைத் தண்ணி குடுத்தோம். அரை மணி நேரம் ஆகியும் ஏறவே இல்ல.

7-ஆம் கேள்வியில் சொல்லாமல் விட்ட விதிவிலக்கு இது. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவரா என்று பாருங்கள் (8-ஆம் கேள்வியில் சொன்ன 'வி' வால்). இவை செய்கிற வேலையே, சாப்பிட்ட சர்க்கரையைக் குடல் உடைத்து உள்ளே இழுப்பதைத் தாமதப்படுத்துவதுதான். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையும் உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். அந்தக் கதவைத்தான் காலையில் மாத்திரை போட்டுச் சாத்தியிருக்கிறோம்.

இவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும், மூன்று நாலு ஸ்பூன். அது ஏற்கெனவே உடைந்த சர்க்கரை. டப்பாவின் பின்னால் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுக்கோஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஆரஞ்சு வாசனை போட்டதில் வெள்ளைச் சர்க்கரையும் கலந்திருக்கலாம். கைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் தேன் உதவும்.

18. வாந்தி பேதி. ஒரு வாய்கூட இறங்கல. மாத்திரை மட்டும் போடணுமா?

உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினும் 16-ஆம் கேள்வியில் வந்த ஃப்ளோசின் வகையும் ஆபத்தாகலாம். நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும் வரை இவற்றை நிறுத்தி வைப்பதுதான் பொதுவான வழக்கம். சாப்பாடே இல்லாதபோது கிளிமிபிரைடும் வேண்டாம். இன்சுலின் மட்டும் வேறு கணக்கு: காய்ச்சலில் சர்க்கரை தானாகவே ஏறும், அதனால் சாப்பிடவில்லை என்று முழுசாக நிறுத்தாமல் மீட்டரில் பார்த்து டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

ஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்கு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரில் 180 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம். மருத்துவமனைக்குப் போய் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள். அது தெரியாமல் சாதாரண வயிற்றுக் கோளாறாக நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

19. அடுத்த வாரம் ஆபரேஷன். அன்னைக்குக் காலைல மட்டும் மாத்திரை வேண்டாம்னாங்க, சரிதானே?

பெரும்பாலான மாத்திரைகளுக்குச் சரி. டாபா, எம்பா ஃப்ளோசின்களை மட்டும் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், காரணம் மேலே சொன்ன கீட்டோன். தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோ என்றால் மெட்ஃபார்மின் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகம் சுமாராக இருப்பவர்களுக்கு அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். மறுபடி ஆரம்பிக்க மறந்து மாசக்கணக்கில் விட்டவர்களும் உண்டு.

20. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். / நோன்பு வைக்கலாமா?

இரண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின், கிளிப்டின் மட்டும் என்றால் லோ சுகர் பயம் குறைவு. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ இருந்தால் அளவும் நேரமும் மாற்றாமல் விரதம் இருக்கவே கூடாது. ரமலானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பொதுவாகக் காலையில் போடும் பெரிய அளவு, நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாறும், விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்குக் குறையும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள், பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும்.

சஷ்டி விரதக்காரர்கள் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போடுகிறார்கள். மூன்றாம் நாள் வந்து சேர்கிறார்கள்.

21. சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய் ஜூஸும் சேர்த்துக்கறேன். பிரச்சினையா?

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வந்ததும் அதனால்தான். அவற்றுக்கு வீரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வீரியம் இருப்பதால்தான் கேட்கிறேன்: டாக்டரிடம் சொன்னீர்களா? மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கலாம். சித்த மருத்துவரிடம் போனால் அவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் வரும் "மூணே நாள்ல குறையும்" பொடியை மட்டும் தொடாதீர்கள். மூலிகை என்று விற்ற சரக்கில் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததை வெளிநாடுகளில் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

22. மூட்டு வலிக்கு ஊசி போட்டதுலேருந்து சுகர் 300. மாத்திரை வேலை செய்யலையா?

அந்த ஊசி ஸ்டீராய்டாக இருக்கும். சில நாள் முதல் ஒரு வாரம் வரை ஏறி, பிறகு இறங்கும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ காலையில் பிரெட்னிசலோன் மாத்திரை போடுகிறவர்களுக்கு வேடிக்கை வேறு: காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருக்கும், மதியத்துக்கு மேல் எகிறும். காலையில் மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது, மாலையில் பாருங்கள். ஸ்டீராய்டு நிறுத்தும்போது கூட்டிய சுகர் மருந்தையும் குறைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையை இறக்கலாம். இதே குடும்பத்து கேட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையை ஏற்றியும் இறக்கியும் தொல்லை கொடுத்ததால் அந்த மாத்திரைக்கு 2011-இல் இந்தியாவில் தடை வந்தது.

23. குழந்தை உண்டாகியிருக்கு. மாத்திரையை நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். பல மாத்திரைகளை மாற்றி இன்சுலினுக்குக் கொண்டுவருவார்கள். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், அவற்றிலும் கர்ப்பத்துக்கு ஆகாதவை உண்டு.

24. அப்பாவுக்கு 82 வயசு. மூணு மாச சுகர் 6.1. இவ்வளவு நல்லா இருக்கும்போது டாக்டர் ஏன் மாத்திரையைக் குறைக்கிறார்?

6.1 என்று வந்ததால்தான் குறைக்கிறார். மூன்று மாதச் சராசரி அது. 250-உம் 50-உம் மாறி மாறி இருந்தாலும் சராசரி அழகாக வரும். அதோடு ரத்தம் ஏற்றியவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அந்த எண் குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் கூட்டிக் காட்டும்.

இந்த வயதில், வேறு நோய்களும் இருந்தால், 8-ஐ ஒட்டி இருந்தாலே போதும் என்றுதான் இப்போது பார்க்கிறார்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் இருபது வருடம் கழித்துக் காப்பாற்றுவதைவிட, இன்று ராத்திரி பாத்ரூம் போகும்போது சர்க்கரை இறங்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளாமல் இருப்பது அவருக்கு முக்கியம். பழைய சீட்டில் கிளிபென்கிளமைடு இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அதன் வேலை நெடுநேரம் நீடிக்கும்.

கடைசியாக நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா காலையில் இப்போது எத்தனை இட்லி சாப்பிடுகிறார்? நாலு இட்லி சாப்பிட்ட காலத்தில் எழுதிய மாத்திரையை ஒன்றரை இட்லிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.